நாற்பத்தோரு விதிகளும் ஒரு வெள்ளைக் கல்லும்

நான் கேட்டது நான்கு டைல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்பவர்கள் நான் ஏதோ மாளிகை கேட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சமையல் மேடையில் நான்கு டைல் பெயர்ந்து, அந்தப் பள்ளத்தில் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான்கு டைலும் ஒரு கரண்டி சிமெண்டும் போதும். சபையிடம் வாயால் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் புத்தி கெட்டுப் போனேன்.

சபை என்றால் பினாங்கு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐக்கிய சபை. பர்மா சாலைக்குப் பின்னால் பழைய மண்டபம், உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் யாழ்ப்பாணத்து வழிவந்தவர்கள். ஏதாவது ஓர் இலாகாவில் முப்பது வருடம் கோப்பு எழுதிவிட்டு வந்தவர்கள். அரசாங்கம் அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்கள் கோப்புக்கு ஓய்வு கொடுக்கவில்லை. மின்விசிறி நின்றுபோனால் மனு, உபகுழு, அறிக்கை, தீர்மானம். தீர்மானம் எடுத்த பிறகும் ஒன்றும் நடக்காது. அடுத்த கூட்டத்தில் அந்த நடவடிக்கைக் குறிப்பை வாசித்து, 'உறுதிப்படுத்தப்பட்டது' என்று தலைவர் கையெழுத்திட்டால்தான் தீர்மானத்துக்கு உயிர் வரும். ஒரு வருடம் கழிப்பறைக் குழாய் உடைந்தபோது, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஐந்து வாரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள்.

நான் செல்வநாயகி. என் கணவர் இந்த மண்டபத்துக் காவலாளராக இருந்து இறந்தவர். அவருக்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேலாக இங்கே நான்தான் சமைக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை உண்டு. வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அறையும் போகும். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. இந்தக் கதை முழுக்கக் கல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் மட்டும் என் அறையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மனுக் கொடுத்த வருடம், அதாவது 1996, சபைக்குப் பொன்விழா. ஆறு வாரம் கழித்துத் தலைவர் தியாகராஜா என்னைக் கூப்பிட்டார். எழுபது வயதிலும் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர்.

"உங்க லெட்டர் வந்துச்சு. கமிட்டி ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாங்க."

"நாலு டைல்தான் ஐயா."

"டைலா? பொன்விழா வருசத்துல டைலா? கோலாலம்பூர்லேருந்து டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசர் வர்றாரு. நாங்க குவார்ட்ஸ் போடப் போறோம் லா."

குவார்ட்ஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

சமையல் மேடைத் தெரிவு உபகுழு என்று ஒன்று அமைத்தார்கள். ஒன்பது பேர். ஒருவரும் தம் வீட்டில் ஒரு தேநீர்கூடப் போட்டதில்லை. அதுதான் குழுவின் நடுநிலைமைக்கு உத்தரவாதம் என்று செயலாளர் கனகசுந்தரம் அறிக்கையில் எழுதினார். என்னைப் 'பார்வையாளர்' என்று சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து, பாலம் கடந்து, ஜுருவில் இருந்த கல் கடைக்குப் போனோம்.

கடையில் இருந்தவர் பெயர் ஜபருல்லா. முப்பது வயதிருக்கும். பொறுமையான மனிதர். ஒன்பது பேரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்:

"இது கல்லைப் பொடி பண்ணி, ரெசின் சேர்த்து, மெஷின்ல அழுத்திச் செஞ்சது ஐயா. கிரானைட் மாதிரி வருசா வருசம் சீல் அடிக்க வேண்டியதில்ல. எண்ணெய், தண்ணி எதுவும் உள்ள எறங்காது."

"இதுக்குச் சர்வீஸ் ரெக்கார்ட் இருக்கா?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

ஜபருல்லா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு சோதனை தொடங்கியது. மூத்த உறுப்பினர் கந்தப்பு ஒரு பலகையின் மேல் தம் கோப்பை விரித்து, பேனாவை எடுத்து, ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். "வழுக்கல. நல்லா எழுத வருது" என்றார். மற்ற எட்டுப் பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் திருப்தி. உயரம் எவ்வளவு வேண்டும் என்று ஜபருல்லா கேட்டபோது, நின்றுகொண்டு கையெழுத்திட வாகான உயரத்தைச் சொன்னார்கள். அந்த உயரத்தில் நான் தேங்காய் துருவினால் முழங்கை காதருகில் இருக்கும்.

நான் ஒரு சாம்பல் நிறப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, அழுக்கு தாங்குகிற நிறம். "ஐயா, இது நல்லா இருக்கும். மஞ்சள் பட்டாலும் பளிச்சுனு தெரியாது."

"செல்வநாயகி, நீங்க பார்வையாளர்" என்றார் தலைவர். "பார்வையாளர் பார்க்கலாம்."

மூன்று வெள்ளைப் பலகைகளின் மாதிரித் துண்டுகளை மேசையில் வைத்து ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்குகளை எண்ணி முடித்தபோது துண்டுகள் இடம் மாறிவிட்டன. வென்றது எது என்று யாருக்கும் தெரியவில்லை. "மூணும் வெள்ளைதானே, ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்குங்க லா" என்றார் ஜபருல்லா. ஏதாவது ஒன்று என்று தீர்மானம் எழுத முடியாது. எனவே 'வென்ற வெள்ளை' என்று எழுதினார்கள். இன்றைக்கும் கோப்பில் அதன் பெயர் அதுதான்.

வேனில் ஏறுமுன் ஜபருல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்கதானே சமைக்கிற ஆளு? ஒண்ணும் சூசா இல்ல, சிரமமே இல்ல. மெல்லிசுத் துணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, போதும். மஞ்சள், குழம்பு சிந்தினா காயறதுக்குள்ள துடைச்சிடுங்க. சூடான சட்டிய நேரா வைக்காதீங்க, பலகை போட்டு வைங்க. காய் நறுக்கவும் பலகைதான். பிளீச் பக்கமே போகாதீங்க. இங்க் பட்டா மட்டும் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க, போயிடும். முடிஞ்சுச்சு லா, இவ்வளவுதான்."

இதைப் பக்கத்தில் நின்று கனகசுந்தரம் எழுதிக்கொண்டார். ஸ்பிரிட் வரும்போது பேனாவில் மை தீர்ந்துவிட்டதால் அந்த வரி மட்டும் விட்டுப்போயிற்று.

ஜபருல்லா அரை நிமிடத்தில் சொன்னது, இரண்டு வாரத்தில் நாற்பத்தோரு விதிகளாக அச்சாகி வந்தது. சூடான சட்டியை நேராக வைக்காதே என்பது ஆறாம் விதியில் 'சூடானதும், முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் சூடாக இருந்ததுமான எப்பொருளும் கல்லை அணுகலாகாது' என்று ஆகியிருந்தது. கத்தி சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது. ஈரம் கூடாது. எண்ணெய் கூடாது. ஒன்பதாம் விதி தலைவரே எழுதியது: 'கல்லின் நிறமல்லாத வேறெந்த நிறமும் கல்லின் மீது வைக்கப்படலாகாது.' இவற்றிலிருந்து விலக்கு வேண்டுமானால் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். முப்பத்தெட்டாம் விதிப்படி, கல்லின் மேல் தயாராகும் உணவின் பட்டியலை அன்றன்றே எழுதித் தலைவரிடம் ஒப்பம் பெற வேண்டும்.

பழைய சிமெண்ட் மேடையைப் பெயர்த்துக் கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் போட்டார்கள். வென்ற வெள்ளை வந்து உட்கார்ந்தது. திறப்பு விழாவில் தலைவர் பேசினார்:

"அன்பர்களே! ஒரு சபையின் பெருமையை அதன் அடுக்களையில் காணலாம் என்பார்கள். இந்தக் கல்லை நாம் சமைப்பதற்காக வாங்கவில்லை. சமைப்பது யாருக்கும் கைவரும். வாங்குவதற்குத் தீர்மானம் வேண்டும்; அந்தத் தீர்மானம் நம்மிடம் இருந்தது. இனி இதைக் கெடாமல் காப்பதே நம் தலையாய பணி. அதற்கு எத்தனை வேளைச் சாப்பாடு குறுக்கே வந்தாலும் நாம் தளர மாட்டோம்!"

நீண்ட கைதட்டல். நானும் தட்டினேன். அன்றைக்கு மதியம் முதல் கல்லின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விளிம்பில் சங்கிலி கட்டி, பூட்டுத் தொங்கவிட்டார்கள். நான் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்கி, ஓரத்து அடுப்பில் சமைத்து இறக்கினேன். சாப்பிட வந்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சாப்பாடு வந்ததே, போதாதா?

கல்லுக்கு நாளைக்கு மூன்று முறை பரிசோதனை. முறை வைத்து ஒருவர் வருவார், பூட்டைத் திறப்பார், குனிந்து பார்ப்பார், பரிசோதனை அட்டையில் சபையின் ஊதா முத்திரையைக் குத்தித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். எங்கே வைத்துக் குத்துவார்? அதே கல்லின் மேல்தான். அதற்குத்தானே உயரம் பார்த்து வாங்கினார்கள்.

நவம்பர் மழையில் ஒரு நாள் மாலைப் பரிசோதனைக்குக் கந்தப்பு வந்தார். கையில் சொட்டச் சொட்டக் குடை. முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார், ஈர அட்டையைக் குப்புறக் கல்லின் மேல் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். காலையில் திறந்தபோது கல்லில் ஒரு பெரிய ஊதாக் கறை. கறையென்றால் சும்மா கறை அல்ல. சபையின் வட்ட முத்திரை, முந்தின நாள் தேதி, கந்தப்புவின் கையெழுத்து, எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி விழுந்திருந்தது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதிலும் கந்தப்பு இருந்தார்.

"கல்லில் மஞ்சள் கறை ஏற்பட்டுள்ளது" என்று கனகசுந்தரம் வாசித்தார்.

"ஐயா, அது ஊதா" என்றேன்.

"படிவத்துல மஞ்சள் கறைன்னுதான் அச்சடிச்சிருக்கு. வேற கட்டம் இல்ல."

"முத்திரை தெரியுது ஐயா. தேதி தெரியுது. கந்தப்பு ஐயா கையெழுத்துகூடத் தெரியுது."

கந்தப்பு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "என் சைன் இப்படிக் கோணலா இருக்காது" என்றார். "யாரோ இடக்கையால போட்டிருக்காங்க."

எல்லாரும் என் இடக்கையைப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பாருங்க செல்வநாயகி, உங்க மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல. கமிட்டி மெம்பர் தப்புப் பண்ணினார்னு எழுதினா, கமிட்டிக்கே கமிட்டி வைக்கணும். அது ரொம்ப லாங் புரோசஸ். உங்க பேர எழுதினா இன்னைக்கே முடிஞ்சிடும்."

இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

தீர்மானம்: மஞ்சள் கறைக்குப் பொறுப்பான சமையலாள் செல்வநாயகியை வேலையிலிருந்து நீக்குவது, அறையைக் காலி செய்விப்பது. குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்ட உடனே அமலுக்கு வரும். அடுத்த கூட்டம் பொன்விழாவுக்கு மறுநாள். விழா நாளில் முந்நூறு பேருக்கு யார் சமைப்பது என்று யாரோ கேட்டதால் அந்த ஏற்பாடு.

"விருந்த நல்லா செஞ்சுடுங்க" என்றார் கனகசுந்தரம். "உங்களுக்கும் ஒரு நல்ல பேரோட போன மாதிரி இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. அன்று என் அறையில் உட்கார்ந்து நாற்பத்தோரு விதிகளையும் படித்தேன். பதினான்கு வருடத்தில் சபையின் தாள் ஒன்றை முழுதாகப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. பொன்விழா ஏற்பாட்டுக் குறிப்பும் கூடவே இருந்தது. அதில் பன்னிரண்டாம் பத்தி: 'தலைமை மேசையில் அமரும் பத்துப் பேருக்குமான உணவு, சபையின் கௌரவத்தை முன்னிட்டு, கல்லின் மேலேயே தயாரிக்கப்பட வேண்டும்.'

பத்துப் பேர் என்றால் டத்தோவும் உபகுழு ஒன்பது பேரும்.

மறுநாளே விண்ணப்பங்கள் கொடுத்தேன். கத்திக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் தனித்தனியே ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று பிரதி. கனகசுந்தரம் ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' என்று ஊதாவில் குத்திக் கோப்பில் வைத்தார். பதில் வரவில்லை. விழா வேலையில் உபகுழு கூடுவதற்கு நேரமில்லையாம். அனுமதி இல்லை என்றால் இல்லைதான். விதியை மீறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பொன்விழா நாள். விடியும்போதே கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் பழைய சிமெண்ட் மேடையைச் செங்கல் மேல் நிறுத்தி, பக்கத்தில் கேஸ் அடுப்புகளை வைத்து வேலையைத் தொடங்கினேன். நான்கு டைல் இல்லாத அதே மேடை. அதன் மேல் முந்நூறு பேருக்குக் காய் நறுக்கினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், சொதி, ரசம், அப்பளம், பாயசம். வாசனை பக்கத்துத் தெரு வரைக்கும் போயிற்று என்று பிறகு சொன்னார்கள்.

பத்து மணிக்குப் பூட்டைத் திறக்கச் சொல்லி, கல்லின் மேல் தலைமை மேசைக்கான உணவைத் தயாரித்தேன். அது மூன்று நிமிட வேலை. பட்டியலை எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் வாசலில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, விதி முப்பத்தெட்டு. ஒப்பம்."

"எங்க?" என்றார்.

கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தேன். அவர் அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

டத்தோ வந்தார். பேச்சுகள் நடந்தன. மற்றவர்கள் எல்லாரும் பந்தலில் இலைக்கு உட்கார்ந்தார்கள். தலைமை மேசை மண்டப வாசலில், எல்லாரும் பார்க்கும்படி மேடைமேல் போட்டிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "நம் சிறப்பு விருந்தினருக்கான உணவு, சபையின் விதிகள் அனைத்துக்கும் உட்பட்டு, நமது கல்லின் மேலேயே தயாரிக்கப்பட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

நான் பத்து இலை போட்டேன். ஒவ்வொரு இலையிலும் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி. தோல் உரிக்காத ஒரு வெள்ளைப் பூண்டு. ஒரு பிடி ஊறாத பச்சரிசி. ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் வெள்ளை. கல்லின் நிறத்துக்கு நன்றாகப் பொருந்தியது.

பந்தலிலிருந்து ரச வாசனை வந்துகொண்டிருந்தது.

"இது என்னாம்மா?" என்று கேட்டார் டத்தோ.

நான் விதிப் புத்தகத்தையும், பதிலில்லாத விண்ணப்பங்களையும், தலைவர் ஒப்பமிட்ட பட்டியலையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். ஒன்பதாம் விதியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். ஒலிபெருக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும்.

டத்தோ எழுந்து தம் இலையை மடித்தார். "என் அப்பாவும் உங்கள மாதிரி ஆபீஸ் கிராணிதான்" என்று சொன்னார். மேடையிலிருந்து இறங்கிப் பந்தலுக்குப் போய், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூன்று முறை சொதி வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்பது பேரும் அசையவில்லை. சிறப்பு விருந்தினர் எழுந்து போனால் தலைமை மேசை என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கந்தப்பு மெதுவாக முள்ளங்கியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பல் செட்டு கழன்று வந்தது. தலைவர் என் பக்கம் குனிந்து, ஒலிபெருக்கிக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"செல்வநாயகி... கொஞ்சம் சோறு கொண்டாங்களேன்."

பதினான்கு வருடமாக அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவருடைய பசி எனக்குத் தெரியும். மனம் இளகவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது.

"விண்ணப்பம் குடுங்க ஐயா" என்றேன். "மூணு காப்பி."

மறுநாள் கூட்டம். நான் துணிமணியை மூட்டை கட்டிவைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். முதல் விஷயம், பொன்விழா அறிக்கை. இரண்டாவது, முந்தைய குறிப்புகளை உறுதிப்படுத்துதல். இரண்டாவதில்தான் என் அறை இருந்தது.

கனகசுந்தரம் வாசித்தார்: "தலைமை மேசையில் முழு முள்ளங்கியும் தோலுடன் பூண்டும் பரிமாறப்பட்டன."

"அத எடுத்துடுங்க" என்றார் தலைவர்.

"எப்படி எடுக்கிறது? பட்டியல்ல உங்க சைன் இருக்கு. ஒப்பமிட்ட தாளக் கோப்பிலேருந்து எடுத்தா அது குற்றம்."

"அப்ப நான் இந்த அறிக்கைய ஏத்துக்க மாட்டேன்."

"முதல் விஷயம் முடியாம ரெண்டாவதுக்குப் போக முடியாது."

இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த மாதமும் முள்ளங்கியில் நின்றது. அதற்கடுத்த மாதமும். இதோடு பதினெட்டுக் கூட்டம் ஆகிவிட்டது. என்னை நீக்கிய தீர்மானம் உறுதிப்படுத்தப்படாமல் கோப்பில் படுத்திருக்கிறது. நான் என் அறையில் படுத்திருக்கிறேன்.

பூட்டை இப்போது யாரும் போடுவதில்லை. நான் ஒரு மணைப் பலகையில் ஏறி நின்றுகொண்டு அந்தக் கல்லின் மேல்தான் சமைக்கிறேன். சட்டிக்குக் கீழே பலகை, மஞ்சள் சிந்தினால் உடனே துணியும் சோப்பும். ஜபருல்லா சொன்னது சரிதான், ஒரு சூசாவும் இல்லை. நல்ல கல். அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஊதா முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது, கந்தப்புவின் கையெழுத்தோடு. கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் கை கழுவப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என் அலமாரியில் ஒரு போத்தல் ஸ்பிரிட் இருக்கிறது. துடைத்தால் ஒரு நிமிடம்.

துடைக்க மாட்டேன்.